ஓரடுப்புக் குடும்பம்

நெருப்பைக் கண்டுபிடித்தது மனிதகுலத்தின் முதல் சாதனை. வீட்டுக்குள் நெருப்பு தேவையே இல்லை என்று கண்டுபிடித்தது இரண்டாவது சாதனை. முதலாவதைச் செய்தவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. இரண்டாவதைச் செய்த குழுவின் துணைத் தலைவர் அடியேன்தான்; பெயர் வினார்கோ. வரலாறு இந்தத் தடவையாவது குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் துறைமுக நகரத்துக்குத் தென்கடல் விளையாட்டுப் போட்டிகள் வந்து சேர்ந்தபோது, ‘மரபுப்பேறு’ என்று ஒரு பிரிவை ஏற்படுத்தினார்கள். போட்டி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதற்காகக் கட்டியவை முடியாமல் நிற்கும். நிற்பவற்றை என்ன செய்வது என்று யோசிப்பது எங்கள் வேலை. யோசிப்பதற்குக் குளிர்சாதன அறை உண்டு. யோசனை வந்துவிட்டதா என்று விசாரிக்க மாதம் ஒரு கூட்டம் உண்டு. கூட்டத்துக்கு வறுத்த வேர்க்கடலை உண்டு.

எங்கள் யோசனைகளில் தலையாயது ‘வீரர் கிராமம்’. முதலில் ஆட்டக்காரர்கள் தங்குவார்கள்; அவர்கள் போனதும் அதுவே நிரந்தரக் குடியிருப்பாகிவிடும். அடுக்குமாடிகளின் கூட்டத்தை ஏன் கிராமம் என்று சொல்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. இடம் பார்த்த பிறகு புரிந்தது. ஆற்று முகத்தில் ஏற்கெனவே ஒரு கிராமம் இருந்தது. காம்போங் முவாரா என்று பெயர். மீன் பிடிப்பவர்கள், கருவாடு காயப் போடுபவர்கள், வலை பின்னுபவர்கள், இவர்களுக்கெல்லாம் சோறு விற்பவர்கள் என்று முன்னூறு வீடு இருக்கும். ஒரு கிராமத்தை எடுத்துவிட்டு ஒரு கிராமத்தை வைத்தோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாட்டில் கிராமம் எதுவும் குறையவில்லை.

இடிப்பதற்கு முன் மேயர் நேரில் வந்தார். எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, உச்சியை வெட்டி, அங்கிருப்பவர்களில் மதிப்புக்குரியவருக்குக் கொடுப்பது வழக்கம். அன்று அந்தக் கூம்பைச் சமைத்தவள் ஆற்றங்கரையில் சோற்றுக்கடை வைத்திருந்த இபு ராத்மி. மரியாதைக்குப் பெண்களை ‘இபு’ என்றும் ஆண்களைப் ‘பாக்’ என்றும் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். ஐம்பது வயதுக்காரி. கையில் கரண்டியும் வாயில் கத்தியும் வைத்திருப்பவள். மேயர் உச்சியை வெட்டி அவளிடமே கொடுத்தார். கேமராக்கள் மின்னின. பிறகு மைக்கைப் பிடித்தார்.

“ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. போட்டி முடிஞ்சதும் சாவி. இதே எடத்துல, இதே ஆத்தப் பாத்துக்கிட்டு. இது என் வாக்கு.”

“வீட்டுல அடுப்படி இருக்குமா பாக்?” என்று ராத்மி கேட்டாள்.

“அடுப்படி இல்லாம ஒரு வீடா?” என்று மேயர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவர் அதைப் பதிலாகச் சொன்னாரா, கேள்வியாகக் கேட்டாரா என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஓர் ஆட்சியாளரின் சொல்லில் இருக்கும் நுட்பம் உடனே தெரிவதில்லை.

வடிவமைப்புக் கூட்டத்தில் அந்த நுட்பம் வெளிப்பட்டது. கட்டடக் கலைஞர் கலாங், கறுப்புச் சட்டை, வட்டக் கண்ணாடி, வெளிநாட்டுப் படிப்பு. வரைபடத்தைச் சுவரில் விரித்தார். கூடைப்பந்து வீரர்கள் கால் நீட்டிப் படுக்க நீளமான படுக்கையறை. பளு தூக்குபவர் எடையை இறக்கினாலும் அதிராத தரை. அடிபட்ட முழங்காலை ஊற வைக்கப் பனிக்கட்டித் தொட்டி.

“சமையலறை எங்கே?” என்று எங்கள் தலைவர் பாக் சுகெங் கேட்டார். அவருக்கு அன்று பசி. இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டார்.

“ஆட்டக்காரங்க சமைக்க மாட்டாங்க பாக். பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருக்கு.”

“அவங்க போனப்புறம் குடும்பங்க வருமே?”

“அதுக்குத்தான் இது.” கலாங் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே புள்ளிக்கோட்டால் ஒரு சதுரம். உள்ளே ‘எதிர்காலச் சமையலறை’ என்று எழுதியிருந்தது.

“அங்க பனிக்கட்டித் தொட்டியில்ல இருக்கு?”

“நிகழ்காலத்துல தொட்டி. எதிர்காலத்துல அடுப்பு.”

“எதிர்காலம் எப்ப வரும்?”

“ரெண்டாம் கட்டத்துல.”

“அதுக்குப் பணம்?”

“அது மூணாம் கட்டம்.”

பாக் சுகெங் திருப்தியோடு வேர்க்கடலையை எடுத்தார். அன்றைய கூட்டக் குறிப்பில் நான் எழுதினேன்: “சமையலறையைப் பொறுத்தவரை இப்போதைக்குப் புள்ளி, விவரம் பின்னால் வரும்.” புள்ளிவிவரம் என்பது இவ்வளவு சீக்கிரம் என் வாசலுக்கே வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காம்போங் முவாரா மக்களைச் சரக்குப்பெட்டிக் கிடங்கின் பின்புறம், ஒட்டுப்பலகைக் கொட்டகைகளில் குடியமர்த்தினோம். ‘தற்காலிகம்’ என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தோம்; பலகை மட்டும் தேக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல்நீர் கொட்டகைக்குள் வரும். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைத் துணித்தொட்டிலில் உயரக் கட்டிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஆட்டுவார்கள். கடலோரக் காட்சி கேட்டவர்களுக்குக் கடலையே அனுப்பி வைத்தோம் என்று பாக் சுகெங் ஒரு தடவை நகைச்சுவையாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

ஒட்டுப்பலகை தீப்பிடிக்கும் என்பதால் தனித்தனி அடுப்புக்குத் தடை போட்டேன். தடை போட்டால் பசிக்குமே? எங்கள் பிரிவு ஈரமில்லாதது அல்ல. வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் திறப்பது போல ஒரு பொதுச் சமையலறை திறந்தோம். அரிசி எங்களுடையது, கை ராத்மியுடையது. தினமும் உச்சிவேளையில் நான் அதைத் தணிக்கை செய்யப் போவேன். தணிக்கை என்றால் சும்மா எட்டிப் பார்ப்பதா? புளிக்குழம்பில் ஊறிய மீன், சுட்ட இறால்விழுது போட்டு அரைத்த சம்பல், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. எல்லாவற்றையும் கையால் எடுத்து, வாயால் பரிசோதித்து, தேவைப்பட்டால் மறுபரிசோதனையும் செய்வேன்.

“பாக்குக்கு இன்னும் சோறு வைக்கட்டுமா?”

“மக்கள் பணம் வீணாகக்கூடாது இபு. வைங்க.”

“வீணாகாது. நேரா வயித்துக்குத்தான் போகுது.”

போட்டிகள் சிறப்பாக நடந்தன. தொடக்க ஊர்வலத்தில் பாக் சுகெங்குக்கு வெயில் படாமல் நான் குடை பிடித்தேன். வீரர்கள் வந்தார்கள், ஓடினார்கள், போய்விட்டார்கள். அவித்த கோழி நெஞ்சு அலுத்துப்போன நான்கைந்து பளு தூக்குபவர்கள் வேலி தாண்டி ராத்மியின் சமையலறைக்குப் போனதைத் தவிர ஒழுங்கீனம் எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் சிக்கல். நீளப் படுக்கையறையும் ஆற்றுக் காட்சியுமாக அந்த வீடுகளைப் பார்த்ததும், நகரத்தில் பல பெரிய மனிதர்களுக்கு விளையாட்டின் மீது திடீரென்று பற்று ஏற்பட்டது. ‘விளையாட்டுக்குத் தொண்டாற்றியோர்’ என்று ஓர் ஒதுக்கீடு உருவானது. அவர்கள் மச்சினர்களுக்கும் தொண்டுள்ளம் இருந்தது. வீடு முழுவதும் தொண்டர்களுக்கே போதவில்லை. எதிர்ப்பக்கம் மேயரின் வாக்கு: ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அதைக் கேமராவில் வேறு பிடித்து வைத்திருந்தார்கள்.

“வாக்கத் தவறக்கூடாது” என்றார் பாக் சுகெங். “வீட்டையும் தரக்கூடாது. வழி சொல்லுங்க.”

கூட்டத்தில் வேர்க்கடலை தீர்ந்துபோனது. அப்போதுதான் என் மூளையில் அந்த ஒளி பட்டது. உண்மையில் வயிற்றில்தான் பட்டது, தணிக்கைக்கு நேரமாகியிருந்தது.

“குடும்பம்னா என்ன பாக்?” என்று கேட்டேன்.

அதற்குப் பதில் சொல்லப் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து பாக் சம்சூரி என்பவரை வரவழைத்தோம். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். தன்னையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்களே என்று கண் கலங்கினார். எழுந்து நின்று மனப்பாடமாகச் சொன்னார்: “ஒரே அடுப்பில் ஆனதை உண்டு, சேர்ந்து வாழ்வோர் ஒரு குடும்பம்.”

“கொட்டகையில எத்தன அடுப்பு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுதான் பாக். நீங்கதானே மத்ததுக்குத் தடை போட்டீங்க?”

“அப்ப எத்தன குடும்பம்?”

சம்சூரி சற்று யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “இலக்கணப்படி ஒண்ணுதான்.”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ஆயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட அந்தப் பெருங்குடும்பத்துக்கு ஒரு வீடு தந்தால் மேயரின் வாக்கு எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிடும். ‘ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்’ என்ற முழக்கத்தை நானே இயற்றி, நானே கையெழுத்திட்டேன். குடை பிடித்ததற்கும் இதற்குமாகச் சேர்த்து எனக்குப் பன்னிரண்டாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது.

அவர்களுக்குத் தரைத்தளத்தில் ஒன்று. போட்டியின்போது ஊக்கமருந்துச் சோதனை நடந்த அறை. வீரர்கள் வரிசையில் நின்று சிறுநீர் கொடுத்த இடம். அதற்குத் தொண்டர்களிடையே போட்டி இருக்கவில்லை.

சாவியை நானே கொண்டுபோனேன். கொட்டகை முழுவதும் கூடியது.

“குடும்பத் தலைவி யாரு?” என்றேன். “அடுப்பு யார் கையில இருக்கோ அவங்கதான்.”

ராத்மி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். “எனக்கு ஒரு சந்தேகம் பாக். நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்னா, இந்த ஆம்பளைங்கள்லாம் எனக்கு என்ன முறை?”

“அது உங்க குடும்ப விஷயம்.”

“இந்தத் தார்ஜோ கெழவன் எங்கிட்ட மீன் குடுத்துட்டு எடையில ஏமாத்துறவன். இவன் எனக்குக் கொழுந்தனா, மாமனாரா?”

வலை பின்னிக்கொண்டிருந்த பாக் தார்ஜோ தலையைத் தூக்கினார். “இவ தலைவின்னா நான் தனிக்குடித்தனம் போறேன். எழுதிக்கங்க.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் ராத்மி சிரிக்கவில்லை. அவளுடைய மகள், இடுப்பில் குழந்தையோடு, ஈரமான பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டு நின்றாள். அதைப் பார்த்துவிட்டு ராத்மி தாழ்ந்த குரலில் கேட்டாள். “இந்தப் பிள்ளைங்கள மறுபடியும் தண்ணியில விட்டுட்டு நான் மட்டும் போகவா பாக்? அவரு கேமரா முன்னால சொன்னாரே.”

“சொன்னபடியே செஞ்சுட்டாரு இபு. ஒரு குடும்பம், ஒரு வீடு.”

அவள் சாவியைப் பார்த்தாள். வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்காவிட்டால் அதையும் ஒரு மச்சினருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கையை நீட்டினாள். “குடுங்க. குடும்பம்னா விட்டுக்குடுத்துத்தானே போகணும்?”

மறுநாளே மகளையும் குழந்தையையும் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, அண்டா குண்டாக்களோடு அங்கே குடியேறினாள். சுண்ணாம்பும் எலுமிச்சையும் போட்டு அந்த அறையை மூன்று தடவை கழுவினாளாம். இத்தனை அடுக்குகளில் அந்த ஓர் அறைக்குத்தான் சுவர் முழுக்க ஓடு, வரிசையாகக் குழாய், நல்ல சாக்கடை, நாற்றத்தை வெளியே தள்ளும் விசிறி எல்லாம் இருந்தன. சிறுநீருக்குச் செய்து தந்த வசதியைச் சோற்றுக்குச் செய்ய நாங்கள் மறந்திருந்தோம்.

கொட்டகைச் சமையலறையை மூடிவிட்டாள். “இனிமே அவங்கவங்க அடுப்ப அவங்கவங்க பாத்துக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினாள். பதவி வந்ததும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள் என்று நான் வருத்தத்தோடு அறிக்கை எழுதினேன். அரிசிச் செலவு மிச்சமென்பதால், கொட்டகையில் தனி அடுப்புக்கு அனுமதி கொடுத்து அதிலும் கையெழுத்திட்டேன். அன்று மாலை அங்கே வாசலுக்கு வாசல் புகை எழுந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் எங்கள் கிராமத்தில் நிரந்தர வாழ்க்கை தொடங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மின்னடுப்பில் இறால்விழுதைச் சுட்டாள். கூரையிலிருந்த புகையறி கருவி அலறியது. நீர்த்தூவி திறந்தது. பன்னிரண்டாம் மாடி முழுவதும், ஒரு கல்யாண விருந்தும் ஒரு பேராசிரியரின் தூக்கமும் உட்பட, நனைந்தது.

“வீடாங்க இது?” என்றாள் மனைவி, தலையைத் துவட்டியபடி. “ஒரு சம்பல் அரைக்க முடியல. இந்தப் பனிக்கட்டித் தொட்டிய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? உங்களப் போட்டு ஊற வைக்கவா?”

“எதிர்காலச் சமையலறை வரும்மா.”

“அது வர்றப்ப வரட்டும். இன்னைக்குச் சோத்துக்குக் கீழ போங்க.”

கீழே போனேன். எனக்கு முன்னால் பாக் சுகெங் தூக்குப்பாத்திரத்தோடு வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால், எங்கள் மாடியிலேயே வீடு வாங்கியிருந்த கட்டடக் கலைஞர் கலாங், கறுப்புச் சட்டை நனைந்திருக்க. ராத்மி எல்லாருக்கும் ஒரே சிரிப்போடு பரிமாறினாள்.

“புள்ளிக்கோட்டுல பொங்க முடியலையா தம்பி?” என்று கலாங்கிடம் கேட்டாள். “ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுன்னு படிப்புல சொல்லலையா?”

ஒரே மாதத்தில் மொத்தக் குடியிருப்பும் மூன்று வேளையும் அங்கேதான் என்றாகிவிட்டது. ஆளுக்கு ஆள் காசு எண்ணுவது கிராமத்துக்கு அழகல்ல என்று, குடியிருப்போர் சங்கமே மாதத்துக்கு ஒரு தொகை கட்டியது. இப்படிப்பட்ட ஒற்றுமையை எந்த நாட்டு மரபுப்பேறு பிரிவு சாதித்திருக்கிறது? நான் ஒரு விழா எடுத்தேன். மஞ்சள் சோற்றுக் கூம்பு வெட்டி, அறை வாசலில் பளிங்குக் கல் பதித்தேன். “வீரர் கிராமப் பொதுச் சமையலறை. இங்கு வாழ்வோர் அனைவருக்கும் இதுவே அடுப்பு.” கீழே என் பெயர். கல்லைத் திறந்தபோது ராத்மி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுப் படித்தாள். படிப்பறிவு பரவுகிறது என்று மகிழ்ந்தேன்.

பிறகு வீடு வீடாகக் குடிக்கணக்கு எடுக்கும் காலம் வந்தது. எங்கள் அடுக்குக்கு வந்தவர் அதே பாக் சம்சூரி. அதே மேல் பொத்தான். கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

“காப்பி எங்க போட்டீங்க இபு?”

“கீழேருந்து வருது.”

“மத்தியானச் சாப்பாடு?”

“கீழதான்.”

“ராத்திரி?”

“எல்லாமே கீழதாங்க. இங்க வெறும் தூக்கம்தான்.”

சம்சூரி முகம் மலர்ந்தார். “ரொம்பச் சுலபமாப் போச்சு பாக். எல்லா வீட்டுலயும் இதே பதில்தான். வாசல்ல கல்லே வேற பதிச்சிருக்கீங்க. ஆக இந்தக் கிராமம் மொத்தமும் ஒரே குடும்பம்.”

நான் புன்னகை செய்தேன். “நல்ல கருத்து. நாங்க அப்படித்தான் பழகுறோம்.”

“கருத்தில்ல பாக். இலக்கணம். நீங்க கையெழுத்துப் போட்டதுதான்.” காப்பியை ஊதிக் குடித்தார். “கொட்டகைக்கு நேத்தே போயிட்டேன். அங்க இப்ப முன்னூறு அடுப்பு. அதனால முன்னூறு குடும்பம். அந்தப் பொண்ணு, ராத்மி மக, அதுவும் தனிக் குடும்பம். மேயர் வாக்குப்படி அவங்களுக்கு முன்னூறு வீடு வரணும். உங்க குடும்பத்துக்கு ஒண்ணு.”

“எது?”

“அதுதான் ஏற்கெனவே குடுத்தாச்சே. குடும்பத் தலைவி கையில சாவி இருக்கு. அந்தச் சோதனை அறை.”

பாக் சுகெங்குக்குப் போன் செய்தேன். அவர் மேலிடத்துக்கு, மேலிடம் மேயருக்கு. பதில் உடனே வந்தது: இலக்கணத்தை மாற்று. போனைச் சம்சூரியிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று பேசினார்.

“மாத்தலாம் பாக். ஒரே அடுப்புல சாப்பிட்டாலும் வேற வேற குடும்பம்னு எழுதிடலாம். அப்படி எழுதினா கொட்டகை ஜனங்களும் அன்னைக்கே முன்னூறு குடும்பம். அப்பவும் வீடு அவங்களுக்குத்தான். நீங்க எத வேணா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.”

மறுமுனையில் வேர்க்கடலை கொறிக்கும் சத்தம் நின்றது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. மேயருக்கு மறு ஆண்டு தேர்தல். முன்னூறு குடும்பத்தில் எத்தனை வாக்கு என்பதை அவருக்கு யாரும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. தன் வாக்கை நிறைவேற்றத் தடையாக இருந்த ‘சில அதிகாரிகளை’ அன்று மாலையே தொலைக்காட்சியில் வன்மையாகக் கண்டித்தார். அந்தச் சிலரின் பெயரைச் சொல்லவில்லை. என் படத்தை மட்டும் காட்டினார்கள். குடை பிடித்த படம்.

ஆனால் அதெல்லாம் மாலையில்தான். போன் துண்டிக்கப்பட்டதும் சம்சூரி மறுபடியும் என் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மிச்சம் பாக். குடும்பத் தலைவிக்கு நீங்க என்ன உறவு?”

“உறவெல்லாம் இல்ல.”

“இல்லன்னு எழுத முடியாது. கணவன், மகன், மருமகன், வேலையாள், இதுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். இல்லன்னா ‘பிற’. பிறன்னா என்னன்னு தலைவிதான் சொல்லணும்.”

கீழே போனோம். மனைவி பின்னாலேயே தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். ராத்மி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாசலில் அவள் மகள், குழந்தையின் துணித்தொட்டிலைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, மேலே எந்த மாடி தன்னுடையதாகும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற தொண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சம்சூரி கேள்வியைக் கேட்டார். ராத்மி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்தாள். சோறு வைத்தாள். புளிக்குழம்பு மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்து, என் கையில் கொடுத்தாள்.

“உண்ட வீட்டுக்கு…” என்று தொடங்கினாள்.

சம்சூரி எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “அதுக்கு மேல எடமில்லையே இபு.”

“பரவால்ல, அதோட நிறுத்துங்க. மிச்சம் என்னன்னு ஊருக்கே தெரியும்.”